வண்டுக்கும் உண்டு சீல்டு சாம்பிள்!

உங்கள் வீட்டு அரிசி டப்பாவில் வாடகை தராமல் ஒரு ஜீவன் குடியிருக்கும். எள்ளளவு உடம்பு. முன்னால் யானைத் தும்பிக்கை மாதிரி நீட்டிக்கொண்டு ஒரு மூக்கு. முறத்தில் போட்டால் செத்த மாதிரி கிடக்கும். 'பாவம், போய்ச் சேர்ந்துவிட்டது' என்று நாம் அந்தப் பக்கம் திரும்பினால், எழுந்து முறத்தின் விளிம்பு வரை நடந்து போயிருக்கும். மேனேஜர் தலையைப் பார்த்ததும் சுறுசுறுப்பாகிற நம் ஆபீஸ் நண்பர்களுக்கு நேர் எதிர். இது ஆள் வந்தால் படுத்துக்கொள்ளும்.

வீட்டில் இதற்குப் பெயர் அரிசி வண்டு. விவசாயத் துறையில் கூன்வண்டு. தென்னை மரத்தைக் குடைந்து சாய்க்கும் சிவப்புக் கூன்வண்டு இதற்குப் பெரியப்பா முறை. மாம்பழத்தை ஆசையாகக் கடிக்கும்போது கொட்டைக்குள்ளிருந்து எட்டிப் பார்க்கிறதே, அது தூரத்துச் சொந்தம். இந்த மூக்கு நீண்ட வம்சத்தில் இதுவரை பெயர் வைத்தவை மட்டும் அறுபதாயிரம் வகைக்கு மேல். எலி, யானை, திமிங்கலம், நானும் நீங்களும் உள்பட மொத்தப் பாலூட்டிகளும் சேர்ந்து ஆறாயிரத்துச் சொச்சம்தான்.

பி.காம். படித்து, பத்து வருஷம் பனியன் கம்பெனிகளில் இன்வாய்சும் பேக்கிங் லிஸ்ட்டும் போட்டுவிட்டு, இப்போது பத்திரிகைகளுக்கு எழுதிக்கொண்டிருக்கிற எனக்கு இந்தக் கணக்கெல்லாம் எதற்கு என்கிறீர்களா? எல்லாம் என் அக்கா மகனால் வந்தது.

அக்கா திருப்பூரில் ஒரு கம்பெனியில் ஓவர்லாக் டெய்லர். இருபத்திரண்டு வருஷமாக சனிக்கிழமை சம்பளத்தில் ஓடுகிற குடும்பம். மச்சான் காலமாகி எட்டு வருஷம் ஆகிறது. ஒரே பையன் பி.எஸ்ஸி. விலங்கியல் முடித்துவிட்டான். தெரிந்த கம்பெனி ஒன்றில் ஜூனியர் மெர்ச்சண்டைசர் வேலை, மாதம் பதினெட்டாயிரம், வந்து சேரச் சொல்லிவிட்டார்கள். பையன் மாட்டேன் என்கிறான். காரணம், கோயமுத்தூர் விவசாயப் பல்கலைக்கழகத்தில் 2018-ல் ஒரு பூச்சி மியூசியம் திறந்தார்கள் அல்லவா? காலேஜில் அவர்களை அங்கே ஒரு நாள் அழைத்துப் போயிருக்கிறார்கள். வேறு பையன்கள் கேன்டீனைத் தேடியபோது இவன் மட்டும் வண்டுப் பெட்டி முன்னால் நின்றுவிட்டான்.

"தம்பி, நாலெழுத்து படிச்சவன் நீதான். இவன் மலைக்குப் போயி சருகைக் கிளறி வண்டு புடிக்கப் போறானாம். அதுக்கு எம்.எஸ்ஸி.யாம், அப்புறம் பிஎச்.டி.யாம். நீயே கேளு சாமி" என்றாள் அக்கா.

டீக்கடைக்கு அழைத்துப் போய்க் கேட்டேன். "ஏன் மாப்ளே, புதுசா ஒரு வண்டைக் கண்டுபுடிச்சுப் பேரு வெச்சா யாருக்கு என்னய்யா லாபம்?"

அவன் கோபப்படவில்லை. "மாமா, உங்க கம்பெனியில சீல்டு சாம்பிள்னு ஒண்ணு வெச்சிருப்பீங்களே, அது யாருக்குங்க லாபம்?" என்றான்.

திருப்பூருக்கு வெளியே இருப்பவர்களுக்கு இதைச் சொல்ல வேண்டும். ஆர்டர் ஓடுவதற்கு முன்னால் ஒரே ஒரு பனியனைத் தைத்து பையருக்கு அனுப்புவோம். துணியின் எடை, அளவு, ஷேடு, தையல், லேபிள் எல்லாம் பார்த்து அவர் ஓகே செய்து சீல் வைப்பார். அதுதான் சீல்டு சாம்பிள். பிறகு ஐம்பதாயிரம் பீஸ் ஓடினாலும் சண்டை வந்தால் முடிவு சொல்வது அந்த ஒற்றை பீஸ்தான். 'நீலம்' என்று பேப்பரில் எழுதிவிட்டால் போதாது. எந்த நீலம்? சாம்பிளை எடு, பக்கத்தில் வை, பார். முதலாளி, பையர், செக்கிங் மாஸ்டர் மூன்று பேரும் வாயை மூடிக்கொள்கிற இடம் அது.

புது உயிரினத்துக்குப் பெயர் வைப்பதும் இதேதான் என்கிறான் மாப்பிள்ளை. 'கறுப்பு வண்டு, மூக்கு நீளம்' என்று எழுதினால் அறுபதாயிரத்தில் எது? அதனால் பெயர் வைக்கிறவர் ஒரே ஒரு வண்டைத் தேர்ந்தெடுத்து, 'நான் சொல்கிற இனம் இதுதான்' என்று சிவப்பு லேபிள் ஒட்டி மியூசியத்தில் வைக்க வேண்டும். ஹோலோடைப் என்று பெயர். நூறு வருஷம் கழித்து ஒருவருக்குச் சந்தேகம் வந்தாலும் அந்தப் பெட்டியைத் திறந்துதான் பார்க்க வேண்டும். பையர் கம்பெனியாவது திவாலாகலாம். ஹோலோடைப்புக்கு அந்த சலுகை கிடையாது.

சரி, வண்டு எப்படிக் கிடைக்கும்? மேகம் வந்து உட்காருகிற உயரத்தில் இருக்கும் காடுகளில், நம் நீலகிரி, ஆனைமலைச் சோலைக்காடுகள் மாதிரி இடங்களில், மரத்தடியில் சருகு மெத்தை மாதிரி கிடக்கும். மேலே காய்ந்த சருகு, நடுவில் மக்கியது, அடியில் கறுப்பு மண். இதை அள்ளி சல்லடையில் சலிப்பார்கள். சலித்த தூளை வலைப்பையில் போட்டு, அதை ஒரு துணிப்பைக்குள் தொங்கவிடுவார்கள். துணிப்பையின் அடியில் ஆல்கஹால் ஊற்றிய கப். இரண்டு மூன்று நாளில் சருகு காயக் காய, ஈரம் தேடிக் கிளம்புகிற பூச்சிகள் ஒவ்வொன்றாகக் கீழே விழும். விங்க்ளர் பை என்று பெயர். கரன்ட் வேண்டாம், மிஷின் வேண்டாம். ஒரு துணிப்பை. (துணி என்றதும் எனக்கு ஜி.எஸ்.எம். எவ்வளவு என்று கேட்க வாய் துறுதுறுத்தது.)

இதைப் படித்துவிட்டு யாரும் ஞாயிற்றுக்கிழமை சல்லடையோடு வால்பாறைக்குக் கிளம்ப வேண்டாம். காப்புக்காட்டில் ஒரு சருகை எடுக்கவும் வனத்துறை அனுமதி வேண்டும். புது இனம் கண்டுபிடித்தால் அதன் சாம்பிளை அரசு குறிப்பிட்ட காப்பகத்தில் ஒப்படைக்க வேண்டும் என்று 2002-ஆம் வருஷத்து உயிரியல் பன்மைச் சட்டமே சொல்கிறது. விலங்கு என்றால் இந்திய விலங்கியல் ஆய்வு நிறுவனம் அப்படி ஒரு காப்பகம்.

கப்பில் விழுந்த வண்டு இரண்டு மூன்று மில்லிமீட்டர்தான். மண் துகளா வண்டா என்று முடிவு செய்வதற்கே மைக்ராஸ்கோப் வேண்டும். அப்புறம் வருகிறது நிஜமான வேலை. வெளியே பார்த்தால் ஒன்று போலவே இருக்கிற இரண்டு வண்டுகள் வெவ்வேறு இனமாக இருக்கும். வித்தியாசம் ஆண் வண்டின் அந்தரங்க உறுப்பின் வடிவத்தில் இருக்கும். அதை ஊசி முனையால் பிரித்தெடுத்துப் படம் வரைய வேண்டும். (குடும்பப் பத்திரிகை. மேற்கொண்டு விவரம் கிடையாது.) இப்போது டி.என்.ஏ.வையும் சேர்த்துப் பார்க்கிறார்கள்.

அத்தோடு முடிந்ததா? பழைய லெட்ஜரைப் புரட்ட வேண்டும். 1758-ஆம் வருஷம் ஜனவரி முதல் தேதியிலிருந்து கணக்கு. அன்றிலிருந்து யாராவது ஏற்கெனவே பெயர் வைத்திருந்தால் நம் பெயர் செல்லாது. முதலில் வைத்தவர் பெயர்தான் பெயர். நம் நாட்டுக் கூன்வண்டுகளுக்குப் பெரிய லெட்ஜர் எழுதியவர் கை மார்ஷல் என்ற வெள்ளைக்காரர். 1871-ல் அமிர்தசரஸில் பிறந்தவர். வாழ்நாளில் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட கூன்வண்டு இனங்களுக்குப் பெயர் வைத்தவர். பிரிட்டிஷ் இந்திய விலங்குகள் வரிசையில் 1916-ல் வந்த அவருடைய கூன்வண்டுப் புத்தகத்தை இன்றைக்கும் புரட்டாமல் வேலை நடக்காது.

"அவுரு பார்த்த சாம்பிளெல்லாம் எங்கே இருக்குது?" என்று கேட்டேன்.

"நிறைய லண்டன் மியூசியத்துலங்க மாமா."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பனியன் நம்முடையது, சீல்டு சாம்பிள் லண்டனில்! வண்டு வியாபாரமும் எக்ஸ்போர்ட் வியாபாரம் மாதிரிதான் நடந்திருக்கிறது.

பெயர் வைப்பது அவ்வளவு சுலபமா என்றால், அதிலும் திண்டாட்டம் உண்டு. ஜெர்மனியில் கார்ல்ஸ்ரூ ஊர் மியூசியத்தில் அலெக்ஸாண்டர் ரீடெல் என்று ஒரு நிபுணர். ட்ரைகோனோப்டெரஸ் என்ற கூன்வண்டுக் கூட்டத்தின் பின்னாலேயே அலைகிறவர். சிறகில்லாத, சில மில்லிமீட்டர் வண்டுகள். இவற்றில் பல இலைச்சருகுக்குள்ளேயே பிறந்து அங்கேயே முடிகிறவை. அவரும் சகாக்களும் 2013-ல் நியூகினி தீவிலிருந்து ஒரே கட்டுரையில் 101 புது இனங்களை விவரித்தார்கள். நூற்றியொரு குழந்தைக்கு ஒரே நாளில் பெயர் சூட்டு விழா! எத்தனை பெயர்தான் யோசிப்பது? பப்புவா நியூகினியின் டெலிபோன் டைரக்டரியை எடுத்து, அதிலிருந்த குடும்பப் பெயர்களை வரிசையாகப் பலவற்றுக்கு வைத்துவிட்டார்கள்.

2016-ல் இன்னொன்றுக்கு 'ஸ்டார் வார்ஸ்' படத்தில் உடம்பெல்லாம் முடியோடு வரும் செவ்பாக்கா பெயர். 2019-ல் இந்தோனேஷியாவின் போகோர் மியூசியத்து நரகுசுமோவோடு சேர்ந்து சுலவேசி தீவிலிருந்து 103. பச்சையாக, குள்ளமாக இருந்ததற்கு யோடா. சின்னதுக்கு ஆஸ்டெரிக்ஸ், குண்டாக இருந்ததற்கு ஒபெலிக்ஸ். அந்தத் தீவில் அதுவரை இந்தக் கூட்டத்தில் பெயர் பெற்றிருந்தது ஒன்றே ஒன்று. அதுவும் 1885-ல் வைத்தது. 134 வருஷமாக மற்ற நூற்று மூன்றும் சருகுக்கு அடியில் ரேஷன் கார்டு இல்லாமல் வாழ்ந்திருக்கின்றன.

இதே ட்ரைகோனோப்டெரஸின் காலை எக்ஸ்ரேயில் பார்த்தபோது தொடை மூட்டு ஸ்க்ரூவும் நட்டும் மாதிரி மரை போட்டிருந்தது என்று 2011-ல் எழுதினார்கள். நம் மெக்கானிக் ஸ்பேனரைத் தூக்குவதற்குப் பல யுகம் முன்னாலேயே வண்டு காலை மரையில் முடுக்கிக்கொண்டிருக்கிறது.

"எல்லாம் சுவாரசியம்தான் மாப்ளே. ஆனா பேரு தெரியாட்டி என்ன குடி முழுகிப் போகும்?" என்றேன். அக்கா கேட்கச் சொன்ன கேள்வி அதுதான்.

அவன் கேரளாவுக்குப் போனான். அங்கே ஆப்பிரிக்கப் பாயல் என்று ஒரு நீர்ச்செடி. ஊர் தென் அமெரிக்கா, பெயர்தான் ஆப்பிரிக்கா. காயல், வாய்க்கால், நெல்வயல் எல்லாவற்றையும் பாய் விரித்த மாதிரி மூடிவிட்டது. படகு போகாது, தண்ணீர் ஓடாது. இதே செடி ஆப்பிரிக்காவிலும் ஆஸ்திரேலியாவிலும் பரவியது. இதைத் தின்கிற பூச்சியைப் பிடித்துவிட்டால் போதும் என்று தேடினார்கள். ஆனால் செடியின் பெயரே தப்பு. அதை வேறொரு பழைய இனம் என்று நினைத்து, அந்த இனம் இருந்த டிரினிடாட் பக்கத்திலிருந்து ஒரு கூன்வண்டைக் கொண்டு போய் ஆப்பிரிக்காவில் விட்டார்கள். பலனில்லை.

1972-ல் மிச்செல் என்பவர், 'இது அதில்லை, தனி இனம்' என்று அந்தச் செடிக்கு சால்வினியா மொலெஸ்டா என்று பெயர் வைத்தார். அப்புறம்தான் சரியான விலாசத்தில் தேடினார்கள். 1978-ல் அதன் சொந்த ஊர் தென்கிழக்கு பிரேசில் என்று தெரிந்தது. அங்கே அதைத் தின்றுகொண்டிருந்த கூன்வண்டை 1980-ல் ஆஸ்திரேலியாவில் மூண்டாரா ஏரியில் விட்டார்கள். ஒரு வருஷத்துக்குக் கொஞ்சம் மேல் ஆனது, ஏரி தெளிந்துவிட்டது! டிரினிடாட் வண்டு போலவேதானே இருக்கிறது, இது மட்டும் எப்படி என்று கிட்டே வைத்துப் பார்த்தால், இது வேறு வண்டு. 1985-ல் கால்டர், சாண்ட்ஸ் என்ற இருவர் அதற்கு சிர்டோபேகஸ் சால்வினியே என்று பெயர் சூட்டினார்கள். அதே வருஷம் அந்த ஆஸ்திரேலியக் குழுவுக்கு யுனெஸ்கோவின் அறிவியல் பரிசு. 1983 வாக்கில் பெங்களூருக்கும் கேரளாவுக்கும் வந்து, 1986-ல் இலங்கைக்கும் போனது இதே இரண்டு மில்லிமீட்டர் ஆசாமிதான்.

"ஷேடு ஒண்ணா இருக்குதுன்னு வேற லாட் நூலைப் போட்டா என்னங்க மாமா ஆகும்?" என்றான்.

என்ன ஆகும்? ஒரு சலவையில் சட்டையின் உடம்பு ஒரு கலர், கை ஒரு கலர். கன்டெய்னர் திரும்பி வரும். எனக்கு வேறு விளக்கம் வேண்டியிருக்கவில்லை.

நம் பிழைப்பே பருத்தியில் அல்லவா? அங்கேயும் இவர்கள் உண்டு. பருத்தி இலையை விளிம்பில் கடித்துக்கொண்டு கண்ணெதிரே உட்கார்ந்திருக்கும் சாம்பல் கூன்வண்டு ஒன்று. தண்டுக்குள் புழுவாக இருந்து, தரையை ஒட்டி வீங்க வைத்து, காற்றடித்தால் செடியை முறித்துப் போடும் தண்டுக் கூன்வண்டு இன்னொன்று. முதலாவதற்கு அடிக்கிற மருந்து இரண்டாவது இருக்கிற இடத்துக்கு எட்டாது. எது என்று தெரியாமல் அடித்தால் லாபம் மருந்துக் கடைக்கு மட்டும்தான்.

அமெரிக்காவைப் பயமுறுத்திய பருத்திக் காய் கூன்வண்டு மெக்சிகோவிலிருந்து 1892 வாக்கில் டெக்சாஸில் நுழைந்தது. அதற்கு போஹிமன் என்ற ஸ்வீடன்காரர் 1843-லேயே பெயர் வைத்து, சாம்பிளையும் பத்திரப்படுத்தியிருந்தார். அப்போது அவரிடமும் யாராவது ஒரு அக்கா, 'இதுக்கு என்ன சம்பளம்?' என்று கேட்டிருக்கக்கூடும். அரை நூற்றாண்டு கழித்து, வந்திருப்பது யார் என்று சொல்ல அந்தச் சாம்பிள் தயாராக இருந்தது. அலபாமாவில் என்டர்பிரைஸ் என்ற ஊரில் பருத்தி போண்டியாகி, நிலக்கடலைக்கு மாறிப் பிழைத்துக்கொண்டார்கள். மாற வைத்ததற்கு நன்றியாக 1919-ல் அந்த வண்டுக்குச் சிலையே எழுப்பினார்கள். நம் ஊரில் சிலைக்குப் பஞ்சமில்லை என்றாலும் வண்டுக்கு இன்னும் வைக்கவில்லை.

சருகு வண்டுக்கு ஏன் அவசரம்? மாப்பிள்ளை சொன்னதில் என்னைப் பிடித்து நிறுத்தியது இதுதான். பல்லடம், உடுமலை பக்கம் காற்றாலைகள் சுற்றுகின்றனவே, அது பாலக்காட்டுக் கணவாய் வழியாக வருகிற காற்று. அந்தக் கணவாய்க்கு வடக்கே நீலகிரி, தெற்கே ஆனைமலை. நடுவில் வெயில் காய்கிற தாழ்வு. சோலைக்காட்டில் இருக்கும் சின்னப் பறவைகளே இதைத் தாண்டாமல் வடக்கே ஒரு இனம், தெற்கே ஒரு இனம் என்று பிரிந்து கிடக்கின்றன. 2017-ல் அந்தப் பறவைக் கூட்டத்துக்கு ஷோலிகோலா என்று பெயர் வைத்தார்கள். நம் 'சோலை'தான் அதில் இருக்கிறது. சிறகுள்ள பறவைக்கே இந்த கதி என்றால், சிறகில்லாத வண்டு ஒரு மலையிலிருந்து அடுத்த மலைக்கு எந்த பஸ்ஸில் போகும்? இப்படிப்பட்ட வண்டுகளில் ஒரே ஒரு மலையுச்சியில் மட்டும் வாழ்கிறவை உண்டு. அந்தச் சருகு காய்ந்தால், எரிந்தால், ரோடு வந்தால் மொத்தக் கையிருப்பும் காலி. பெயர் இல்லாத சரக்கு தொலைந்தால் ஸ்டாக் ரிஜிஸ்டரில் நஷ்டம் கூட எழுத முடியாது. பி.காம். படித்தவன் என்கிற முறையில் இது எனக்கு வயிற்றைக் கலக்கியது. உலகத்தில் பெயர் வைத்த உயிரினங்கள் ஏறக்குறைய இருபது லட்சம். மொத்தம் 87 லட்சம் இருக்கலாம் என்று 2011-ல் ஒரு மதிப்பீடு போட்டார்கள். முக்கால்வாசி சரக்குக்குப் பில்லே போடாத கோடவுனில் நாம் குடியிருக்கிறோம்.

இவ்வளவும் சரி. அக்கா வீட்டு வாடகையை ஷோலிகோலா கொடுக்காது.

எனவே ஒரு வெள்ளைத்தாளில் கோடு கிழித்து, வரவு ஒரு பக்கம், செலவு ஒரு பக்கம் எழுதினேன். எம்.எஸ்ஸி. இரண்டு வருஷம் வருமானம் பூஜ்யம். அதற்கப்புறம் நெட் பரீட்சையில் ஜே.ஆர்.எஃப். கிடைத்தால், 2023-லிருந்து மாதம் 37 ஆயிரம். கிடைத்தால்! எழுதுகிறவர்கள் கூட்டம் ஐயப்பன் கோயில் வரிசை மாதிரி. பிஎச்.டி. முடித்த பிறகு நிரந்தர வேலைக்கு உத்தரவாதம் கிடையாது. எதிர்ப்பக்கம் மெர்ச்சண்டைசர் வேலை: நாளைக்கே பதினெட்டாயிரம், ஆண்டுக்கு ஆண்டு ஏறும், இருபத்தெட்டு வயதில் பிரஷர் மாத்திரை இலவசம்.

ராத்திரி சாப்பாடு முடிந்ததும் இந்தத் தாளை அக்கா முன்னால் வைத்து, ஒரு ரூபாய் கூட்டாமல் குறைக்காமல் படித்துக் காட்டினேன். சாம்பிள் கதையையும் சொன்னேன். இருபத்திரண்டு வருஷம் மிஷினில் உட்கார்ந்தவளுக்கு அது ஒரு வரியில் புரிந்துவிட்டது.

"அப்ப, இவன் வெக்கற சாம்பிளை மாத்த முடியாதா?"

"முடியாதுங்கம்மா" என்றான் பையன்.

"அந்த வேலை செய்ய ஆளு இல்லையா?"

"ரொம்பக் கம்மிங்கம்மா. பெரியவங்க எல்லாம் ரிடையர் ஆயிட்டிருக்காங்க."

அக்கா கொஞ்ச நேரம் பேசவில்லை. தாளைத் திருப்பி என்னிடம் நீட்டினாள். "தம்பி, ரெண்டு வருஷம்னு எழுதியிருக்கிறயே, அது ரெண்டுதானே? மூணாயிடாதே?"

"ரெண்டுதானுங்க அக்கா."

"செரி. நைட் ஒர்க்குக்கு நானும் வர்றேன்னு மாஸ்டர்கிட்டச் சொல்லிக்கறேன்."

பையன் உணர்ச்சிவசப்பட்டு, "அம்மா, மொத வண்டுக்கு உங்க பேரையே வெக்கறனுங்க" என்றான்.

அக்கா தட்டை எடுத்துக்கொண்டு எழுந்தாள். "எம் பேரைப் பூச்சிக்கு வெச்சயின்னா இந்த ஊட்ல சோறு கெடையாது. மொதல்ல அப்ளிகேஷனைப் போடு."